திரும்பி வந்த மொய்: ஒரு குடும்பத்தின் நிகழ்வு ஆய்வு

இதில் யாருடைய பெயரும் இல்லை. பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு தடை செய்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் எழுதியிருக்க மாட்டேன். அந்தப் பிள்ளைகளின் அம்மா இன்னும் அதே தெருவில்தான் தண்ணீர் பிடிக்கிறார். ஊரைப் பேராவூரணிக்கும் கீரமங்கலத்துக்கும் இடையில் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தென்னந்தோப்பும் கடைமடைப் பாசனமும், வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வேலை பார்ப்பதும் அந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாவற்றுக்கும் பொது. மொய் விருந்தும் அப்படித்தான்.

நான் குழந்தைகள் நலத்தில் பல வருடங்களாகக் களப்பணி செய்கிறவன். இரண்டு பிள்ளைகளைக் குழந்தைகள் இல்லத்தில் விட்டிருந்த இந்தக் குடும்பம் என்னிடம் வந்தது 2023 ஆகஸ்ட் கடைசியில். அவர்களை வீட்டோடு சேர்க்கும் வேலை முடிய ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. நாங்கள் சரியாகச் செய்ததையும் நான் தவறவிட்டதையும் சேர்த்தே எழுதுகிறேன். இதே வேலையில் இருப்பவர்களுக்கும், இல்லங்களுக்கு உதவி செய்யும் நல்ல மனம் உள்ளவர்களுக்கும் பயன்படும் என்று நினைக்கிறேன்.

எப்படித் தெரிய வந்தது

சிங்கப்பூரில் கட்டுமான வேலையில் இருக்கும் ஒருவர், தன் மகனின் பிறந்தநாளுக்கு ஒவ்வொரு வருடமும் ஒரு குழந்தைகள் இல்லத்தில் மதியச் சாப்பாடு போடுவார். இல்லம் ஊரிலிருந்து 70 கிலோமீட்டர், பக்கத்து மாவட்டம். வழக்கமாகப் பணத்தை அனுப்பிவிடுவார், தம்பி போய் நின்றுவிட்டு வருவார். அந்த வருடம் விடுமுறையில் வந்திருந்ததால் குடும்பத்தோடு அவரே போனார். சிக்கன் பிரியாணி, முட்டை, ஐஸ்கிரீம். மகன் கேக் வெட்டினான், பிள்ளைகள் வரிசையில் நின்று பாட்டுப் பாடினார்கள். பரிமாறிக்கொண்டே வந்தவர் மூன்றாவது பந்தியில் ஒரு பெண் பிள்ளையின் முன்னால் நின்றுவிட்டார்.

"பாப்பா, நீ நம்ம தெரு பிள்ளைல்ல?"

அந்தப் பெண் தலையைத் தூக்கவில்லை. பக்கத்து இலையில் இருந்த தம்பிதான் "ஆமா சித்தப்பா" என்றான்.

இவர் வீட்டிலிருந்து நாலாவது வீடு. அந்தப் பிள்ளைகளின் அப்பா இவரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். 2022 தையில் இறந்துபோன செய்தி சிங்கப்பூரில் இருந்தபோது தெரியும். பிள்ளைகள் இரண்டு பேர் இல்லத்தில் இருக்கும் செய்தி தெரியாது. ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் "ஹாஸ்டல்ல படிக்குதுங்க" என்றே அம்மா சொல்லியிருந்தார்.

அன்று ராத்திரி அவர் எனக்குப் போன் செய்தார். "எங்க ஊரு பிள்ளைக்கு நான் பிரியாணி போட்டுட்டு வந்திருக்கேன் சார். அதுக்கு 8,000 ரூபா ஆச்சு. அந்த எட்டாயிரத்த அவங்க ஆத்தா கையில குடுத்திருந்தா அந்தப் புள்ள வீட்டுலயே சாப்புட்டிருக்கும்ல?" என்றார். என் பத்து வருட அனுபவத்தில் இதை இவ்வளவு நேராக யாரும் என்னிடம் கேட்டதில்லை. என் மகளின் முதல் மூன்று பிறந்தநாளுக்கு நானும் இல்லத்தில்தான் சாப்பாடு போட்டேன். அப்போது எனக்கு இந்தக் கேள்வி வரவில்லை.

வீடு எப்படி விழுந்தது

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையில் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஆலங்குடி வட்டாரங்களில் காய்த்துக்கொண்டிருந்த தென்னைகள் வேரோடு சாய்ந்தன. அரசு ஒரு மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் கொடுத்தது. பட்டா யார் பெயரில் இருந்ததோ அவருக்கு அது போனது. அந்தப் பிள்ளைகளின் அப்பாவுக்குச் சொந்தமாக 22 மரம், குத்தகைக்கு 150 மரம். குத்தகைப் பணத்தை முன்கூட்டியே கட்டியிருந்தார். நிவாரணம் 22 மரத்துக்குத்தான் வந்தது. தென்னங்கன்று வைத்தால் காய்ப்புக்கு வர ஐந்தாறு வருடம் வேண்டும். அதுவரை அவர் தேங்காய் லாரியில் லோடு ஏற்றினார். மனைவி பெயரில் மகளிர் குழுக் கடன் இரண்டு வாங்கினார்கள். 39 வயதில், லோடு ஏற்றிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அம்மாவுக்கு அப்போது 33 வயது. மூத்தவளுக்குப் பன்னிரண்டு, நடுவில் உள்ளவனுக்கு ஒன்பது, கடைசிப் பையனுக்கு நாலு.

நான் வீட்டுக்குப் போன முதல் நாளில் கணக்கை ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினோம். கயிறு ஆலையில் மாதத்தில் பதினைந்து நாள் வேலை, ஒரு நாளைக்கு 300 ரூபாய். மாதம் 4,500. குழுக்கடனுக்கு வாரம் 1,450, மாதக் கணக்கில் 5,800. ரேஷன் அரிசி உண்டு. பள்ளிக்கூடத்தில் மதிய உணவு உண்டு. விதவை உதவித்தொகைக்கு எழுதிப்போட்டது, ஆதாரில் கணவர் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்ததால் நின்றுபோயிருந்தது.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். இந்தப் பிள்ளைகள் பசியால் இல்லத்துக்குப் போகவில்லை. செவ்வாய்க்கிழமையால் போயிருக்கிறார்கள். செவ்வாய் காலை பத்து மணிக்குக் குழுத் தலைவி வீட்டு வாசலில் வசூல். ஒருவர் கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பெண்களும் எழுந்து போக முடியாது. அந்த ஒன்பது பேரும் அக்கம்பக்கத்தார், சொந்தக்காரர்கள். அவர்கள் முகத்தில் விழிக்க முடியாமல் அந்த அம்மா மேல்வேலைக்கு ஓடினார். திருப்பூருக்குப் போனால் தங்குமிடத்தோடு வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்ல, இரண்டு பெரிய பிள்ளைகளை 2022 ஜூனில் இல்லத்தில் விட்டார். கடைசிப் பையனைத் தன் அம்மாவிடம் விட்டுத் திருப்பூர் போனவர் நாற்பது நாளில் அவனுக்குக் காய்ச்சல் என்று திரும்பி வந்துவிட்டார். பெரிய பிள்ளைகள் அங்கேயே இருந்துவிட்டார்கள்.

"மாசம் எவ்வளவு இருந்திருந்தா நீங்க புள்ளைங்கள விட்டிருக்க மாட்டீங்க?" என்று கேட்டேன்.

"மூவாயிரம் சார்" என்றார். யோசிக்கவே இல்லை. அந்தக் கணக்கைப் பலமுறை போட்டுப் பார்த்தவருக்குத்தான் பதில் அவ்வளவு வேகமாக வரும்.

அதே 2022-இல் மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவுத் தொகை மாதம் 4,000 ரூபாயாக உயர்ந்திருந்தது. கிராமப்புறத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருந்தால், தாய் விதவையாக இருந்தால், பிள்ளை வீட்டிலேயே இருந்து படிக்க 18 வயது வரை இந்தத் தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஒவ்வொரு கிராமத்திலும் ஊராட்சித் தலைவரைத் தலைவராகக் கொண்ட குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்பதும் விதி. இந்த ஊரில் அப்படி ஒரு குழு தாளில் இருந்தது. அந்தத் தாயிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இல்லத்துக்கு வழி காட்டினவர் மட்டும் தேடி வந்து சொல்லியிருக்கிறார்: மூணு வேளைச் சாப்பாடு, துணிமணி, இங்கிலீஷ் படிப்பு.

இல்லத்தைப் பற்றி

அந்த இல்லத்தைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பதிவு செய்யப்பட்டது, சுத்தமானது, 43 பிள்ளைகள். அரசு மானியம் இல்லாமல் நன்கொடையில் நடப்பது. விடுதிக் காப்பாளர் அம்மா ஒவ்வொரு பிள்ளைக்கும் எந்தக் காய் பிடிக்காது என்று சொல்லக்கூடியவர். சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு பெரிய காலண்டர் மாட்டியிருந்தது, தேதிக்குத் தேதி உபயதாரர் பெயர். ஆவணி, தை மாதத்து ஞாயிறுகளில் இரண்டு மூன்று பெயர்கள்கூட இருந்தன. "ஒரே ஞாயித்துக்கிழமை மூணு கேக்கு வெட்டுவாங்க. மூணாவது கேக்குக்குப் பாடறப்ப தொண்ட வலிக்கும்" என்று நடுவுள்ளவன் பின்னால் ஒருநாள் சொன்னான். செவ்வாய், புதன் கட்டங்கள் காலியாக இருந்தன.

அந்தக் காலண்டரில் இடம் பிடிக்க முடியாத செலவுகளைக் காப்பாளர் அம்மாவே சொன்னார். மின்கட்டணம், பல் வைத்தியம், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கண்ணாடி. அதற்கெல்லாம் பெயர் போட யாரும் வருவதில்லை.

இங்கே கொஞ்சம் பொதுவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டு இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது பற்றி 2007-இல் எடுத்துக்கொண்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 மே 5-ஆம் தேதி தீர்ப்புச் சொன்னது. எல்லா இல்லங்களும் பதிவு செய்ய வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும் என்றது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 3-ஆவது பிரிவோ, இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும் என்று கொள்கையாகவே சொல்கிறது. 2020 செப்டம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், நாட்டில் இல்லங்களில் இருந்த 2.56 லட்சம் பிள்ளைகளில் 1.84 லட்சம் பேர் எட்டு மாநிலங்களில் இருப்பதாகச் சொல்லி, 100 நாளில் அவர்களைக் குடும்பத்தோடு சேர்க்கப் பாருங்கள் என்று ஆட்சியர்களுக்கு எழுதியது. அந்த எட்டில் தமிழ்நாடும் ஒன்று. 100 நாள் என்ற அவசரத்தோடு எனக்கு உடன்பாடு கிடையாது. வீட்டில் வாரக் கடன் அப்படியே இருக்க, பிள்ளையை மட்டும் பஸ் ஏற்றி அனுப்பினால் ஆறு மாதத்தில் வேறு இல்லத்து வாசலில் நிற்கும். அனுப்புவதற்கு முன்னால் வீட்டைச் சரி செய்தாக வேண்டும். அதற்கு அரசாங்கத்தின் கை மட்டும் போதாது, பக்கத்து வீட்டுக் கையும் வேண்டும்.

மொய் நோட்டு

சிங்கப்பூர்க்காரர் முதலில் சொன்னது, "நானே மாசாமாசம் மூவாயிரம் அனுப்பிடறேன் சார்." அவருடைய மனசு எனக்குப் புரிந்தது. ஆனால் அந்த அம்மா வாங்கமாட்டேன் என்றுவிட்டார். ஒரு ஆண்பிள்ளை மாதாமாதம் ஒரு விதவைக்குப் பணம் அனுப்பினால் தெரு என்ன பேசும் என்பது அவருக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்க அந்த வீட்டைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டும் என்பதும் தெரியும். "அவங்க அப்பா யாருகிட்டயும் சும்மா வாங்குனதில்ல" என்றார். அதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பரணிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து வந்து தூசியைத் தட்டினார். மொய் நோட்டு.

இந்தப் பக்கத்தார் அல்லாதவர்களுக்காக: பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் வட்டாரத்தில் ஆடி, ஆவணியில் நடப்பது மொய் விருந்து. கல்யாணம், காதுகுத்து எதுவும் இல்லாமலேயே பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, ஆட்டுக்கறிச் சாப்பாடு போட்டு மொய் வாங்குவார்கள். பத்து இருபது பேர் சேர்ந்து ஒரே பந்தலில் வைப்பதும் உண்டு. வாங்கின மொய்யை அவரவர் வீட்டு முறை வரும்போது திருப்ப வேண்டும், மேலே கொஞ்சம் புதிதாகவும் வைக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு முறை சுமார் ஐந்து வருடத்துக்கு ஒருதடவை. வட்டி இல்லாமல் மொத்தமாகக் கைக்கு வரும் பணம். அதில் கிணறு வெட்டினவர், மகளைப் படிக்க வைத்தவர், வெளிநாடு போனவர் எல்லாம் உண்டு. 2018-இல் கேரள வெள்ளத்தின்போது ஆலங்குடிப் பக்கத்து டீக்கடைக்காரர் ஒருவர் நிவாரண நிதிக்காக மொய் விருந்து வைத்தார், டீ குடித்தவர்கள் விருப்பம்போல் மொய் வைத்துவிட்டுப் போனார்கள். சில மாதத்தில் கஜா வந்து அந்தப் பக்கத்தையே சாய்த்தது.

இந்த முறையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. திருப்பி வைக்க வழியில்லாதவனை அது தானாகவே வெளியே தள்ளிவிடும். பந்தலுக்கும் கறிக்கும் பங்கு போட முடியாதவர் விருந்து வைக்க முடியாது. விருந்து வைக்காதவருக்கு வரவேண்டியதும் வராது. புருஷன் போன வீட்டில் பெண் பெயரில் பத்திரிகை அடிக்கும் வழக்கமும் அந்த ஊரில் இல்லை.

நோட்டைத் திறந்தோம். அந்த அம்மாவின் கணவர் 2014 ஆவணியில் விருந்து வைத்திருக்கிறார். அதன் பிறகு நாலு வருடம், கஜாவுக்கு முந்தின ஆடி வரை, போன இடமெல்லாம் பழையதைத் திருப்பிப் புதிதும் வைத்திருக்கிறார். அடுத்த முறை 2019-இல் வந்திருக்க வேண்டும், வைக்க முடியவில்லை. ஊரில் நாற்பது வருடமாக மொய் எழுதுகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார், எழுபது தாண்டியவர். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு மத்தியானம் உட்கார்ந்து கணக்கை நேர் செய்து கொடுத்தார். இந்த வீட்டுக்கு 138 பேரிடமிருந்து 94,300 ரூபாய் வர வேண்டும். இந்த வீடு 31 பேருக்கு 19,400 ரூபாய் திருப்ப வேண்டும்.

நான் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு உதவி தேடிக்கொண்டிருந்தேன். அங்கே இருந்ததோ ஊர் முழுக்கப் பணம் பாக்கி வைத்திருக்கும் ஒரு குடும்பம்.

அது புரட்டாசி. விருந்துக்குக் காலம் இல்லை, கறிக்கும் வழியில்லை. விருந்து போடாமல் மொய் கேட்பதா என்று ஊரில் இரண்டு பக்கமாகப் பேசினார்கள். பிள்ளையார் கோயில் கொட்டகையில் கூடியபோது ஒருவர், "பாவம், ஆளுக்கு ஒரு நூறு எறநூறு போட்டு உதவியாக் குடுத்துருவோம், மொய்க் கணக்க இழுக்க வேணாம்" என்றார். மொய் எழுதும் பெரியவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "உதவின்னு சொல்லாதப்பா. அவன் 14-லயே சாப்பாடு போட்டுட்டான். பொறவு நம்ம ஒவ்வொருத்தர் பந்தல்லயும் வந்து குனிஞ்சு வச்சிட்டுப் போயிருக்கான். செத்தவன் வச்ச மொய்யத் திருப்பாம விட்டுட்டு, அவன் பொண்டாட்டிக்கு நூறு ரூவா தருமம் பண்ணுறேன்னா அதுக்கு வேற பேரு இருக்கு."

அதற்குப் பிறகு கூட்டத்தில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் மேசை போட்டோம். சாப்பாடு இல்லை, டீ மட்டும். பெரியவர் எழுத, அந்த அம்மாவே பக்கத்தில் உட்கார்ந்து வாங்கினார். அதை நான் வற்புறுத்தினேன், மூத்த மகன் பெயரில் எழுதலாம் என்று சொன்னவர்களிடம் அவனுக்குப் பத்து வயது என்று ஞாபகப்படுத்தினேன். சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் சிலர் சொந்தக்காரர் வழியாக அனுப்பினார்கள். 96 பேர் வந்தார்கள், பழைய கணக்கில் 71,800 ரூபாய் திரும்பியது.

இன்னொரு சிக்கலும் வந்தது. பலர் மேலேயும் கொஞ்சம் வைத்தார்கள். அதை மொய் நோட்டில் எழுதினால் அது இந்த அம்மாவுக்குப் புதுக்கடன். எழுதாவிட்டால் தருமம். வைக்கிறவருக்கும் சங்கடம், வாங்குகிறவருக்கும் சங்கடம். கடைசியில் தனியாக ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். அட்டையில் பெரியவர் "பிள்ளைகள் கணக்கு" என்று எழுதினார். இதில் வைப்பது அந்த மூன்று பிள்ளைகளுக்கு, திருப்ப வேண்டியதில்லை என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டே வாங்கினோம். 23,500 ரூபாய் சேர்ந்தது. சிங்கப்பூர்க்காரர் அந்த நோட்டில் தன் பெயரைப் போட விடவில்லை, மகன் பெயரைப் போடச் சொன்னார்.

பணம் எங்கே போனது

மொத்தம் 95,300. குழுக்கடன் பாக்கி இரண்டையும் முடிக்க 38,000. கூரைக்கு 14,000. சான்றிதழ்கள், இரண்டு மாவட்டத்துக்கும் அலைச்சல், பஸ் செலவு எல்லாம் சேர்த்து 6,000. அரசுத் தொகை வருகிற வரை மாதம் 4,000 வீதம் ஏழு மாதத்துக்கு 28,000 ஒதுக்கித் தபால் நிலையக் கணக்கில் போட்டோம். மீதி 9,300-ஐ மூத்தவளுக்காகத் தொடாமல் வைத்தோம்.

இந்த வரிசை முக்கியம். முதலில் செவ்வாய்க்கிழமையை ஒழித்தோம். துணி, புத்தகப்பை, சைக்கிள் வாங்கித் தர ஆள் வந்தார்கள், வேண்டாம் என்றோம். கடன் முடிந்த வாரத்திலேயே அந்த அம்மா கயிறு ஆலைக் கூலியில் 1,000 ரூபாய் மிச்சம் பிடித்ததை என்னிடம் போனில் சொன்னார்.

அரசு வழியும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழுவிடம், இல்லம் இருந்த மாவட்டத்தில், மனு, எங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து சமூக விசாரணை அறிக்கை, பிள்ளைகளிடம் தனியாகப் பேச்சு. உத்தரவு டிசம்பரில் வந்தது. நிதி ஆதரவுக்கு விண்ணப்பம் ஜனவரியில். முதல் தொகை வங்கியில் ஏறியது 2024 ஆகஸ்டில். அந்த ஏழு மாதம்தான் எங்கள் 28,000. அரசுப் பணம் வராது என்று நினைக்க வேண்டியதில்லை, வருகிறது. ஆனால் அது வருவதற்குள் வீடு இன்னொரு தடவை விழுந்துவிடுகிறது. ஊர்ப் பணம் நிற்க வேண்டிய இடம் அந்த இடைவெளி என்று இந்த ஒரு குடும்பத்தில் கண்ணால் பார்த்தேன்.

என் தவறு

இரண்டு பிள்ளைகளும் ஒன்றாக வருவார்கள் என்று நானே முடிவு செய்துவிட்டேன். அம்மாவிடமும் ஊரிலும் அப்படியே சொல்லியும் விட்டேன். நலக் குழு முன்னால் மூத்தவள், "நான் இப்ப வரல" என்றாள்.

அம்மா அங்கேயே அழுதார். எனக்கு முகத்தில் ரத்தம் இல்லை. உறுப்பினர் ஒருவர் பொறுமையாகக் கேட்டபோதுதான் காரணம் வந்தது. எட்டாம் வகுப்பு நடுவில் பள்ளிக்கூடம் மாற்றினால் படிப்பு போய்விடும். இங்கே இரண்டு சிநேகிதிகள் இருக்கிறார்கள். இன்னொன்றையும் கடைசியில் சொன்னாள்: "ஊருல எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சுல்ல." ஹாஸ்டல் என்று சொல்லிக்கொண்டிருந்ததைக் கொட்டகையில் மேசை போட்டு ஊரறியச் செய்தது நாங்கள்தான். அம்மாவின் மானத்தை அவ்வளவு யோசித்த நான் பதின்மூன்று வயதுப் பெண்ணின் மானத்தை யோசிக்கவில்லை. அவளிடம் முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும்.

தம்பி மட்டும் பொங்கல் கழித்து வந்தான். வந்த மூன்றாம் நாள் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த அம்மாவிடம், "தண்ணி குடிக்கலாமா?" என்று கேட்டான். பானை அவன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அம்மா, "குடிடா தங்கம், ஏன்டா கேக்குற" என்றார். அவன் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்தான். ஒரு மாதத்துக்கு மேல் இப்படித்தான் என்று அம்மா பிறகு சொன்னார். சாப்பிட உட்காரும்போது கண்ணை மூடிக் கைகூப்பி யாருக்கோ நன்றி சொல்லும் பாட்டைப் பாடுவானாம். மாசிக் கடைசியில் ஒருநாள் கேட்காமலேயே பானையில் டம்ளரை விட்டுத் தண்ணீரைச் சிந்திவிட்டு ஓடினானாம். அன்றைக்கு அந்த அம்மா எனக்குப் போன் செய்து, அதைச் சொல்வதற்காகவே செய்து, சிரித்தார்.

மூத்தவள் ஆண்டுத் தேர்வு முடித்து 2024 மே மாதம் வந்தாள், அவளாகக் கேட்டு. ஒன்பதாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர் அரசுப் பள்ளி. தெருப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி வேண்டாம் என்றாள், சரி என்றோம். 9,300-இல் அவளுக்கு ஒரு பழைய சைக்கிளும், இல்லத்துச் சிநேகிதிகளைப் பார்க்க இரண்டாவது ஞாயிறுகளில் போய்வர பஸ் செலவும். சிநேகிதிகளைப் பார்க்கப் போவதும் ஒரு செலவா என்று ஊரில் ஒருவர் கேட்டார். அவளுக்கு அதுதான் தேவை என்றேன்.

எல்லாம் சுமுகமாகவும் இல்லை. 2024 ஆடியில் விருந்து வைத்த ஒரு வீட்டார், 2014-இல் தாங்கள் வைத்த 1,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டார்கள். இந்த வீடு திருப்ப வேண்டிய 31 பேரும் நடுவுள்ளவனுக்கு இருபத்தொரு வயது ஆகும் வரை பொறுப்பது என்று கொட்டகையில் பேசியிருந்தது. அந்த வீட்டார் அன்று வரவில்லை, நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். அந்த அம்மா பேசாமல் போய் 1,000 ரூபாயை வைத்துவிட்டு, இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார். எனக்குக் கோபம். அவருக்கு இல்லை. "வாங்குனது வாங்குனதுதானே சார். நானும் பந்தல்ல போயி வச்சேன்ல?" என்றார். அந்தப் பந்தலில் ஒரு பெண் தன் பெயரிலேயே மொய் எழுதியது அதுதான் முதல் தடவை என்று பெரியவர் சொன்னார்.

அந்தத் தேதி

2024 ஆவணியில் சிங்கப்பூர்க்காரரின் தேதி மறுபடி வந்தது. இந்தத் தடவை அவர் காப்பாளர் அம்மாவுக்குப் போன் செய்து, பிரியாணிக்குப் பதில் என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவர் பிள்ளைகளின் பெயர் எதுவும் சொல்லாமல் கணக்கை மட்டும் சொன்னார். இப்போது 41 பிள்ளைகள். 28 பேருக்கு அம்மாவோ அப்பாவோ இருக்கிறார்கள். பொங்கலுக்குப் பிறகு பார்க்க வராத பெற்றோர் 11 பேர், பெரும்பாலும் பஸ் செலவுக்கு யோசிக்கிறவர்கள்.

8,000 ரூபாயை அவர் இல்லத்துக்கே அனுப்பினார், வருகிறவர்களுக்குப் போகவர பஸ் செலவும் அன்றையக் கூலியும் என்று சொல்லி. செப்டம்பர் இரண்டாவது ஞாயிறு ஒன்பது பேர் வந்தார்கள். அன்று மத்தியானம் சாம்பார், முட்டைக்கோஸ் பொரியல், அப்பளம். வந்த ஒன்பது பேரில் மூன்று தாய்மாரின் விண்ணப்பங்கள் இப்போது மாவட்ட அலகில் இருக்கின்றன. அதில் ஒருவருக்கு மொய் நோட்டு கிடையாது, அவர் பிறந்த ஊரில் அந்த வழக்கம் இல்லை. அங்கே என்ன கணக்கு நிலுவையில் இருக்கிறது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பெரியவரின் நோட்டில் 42 பெயர்கள் பாக்கி, 22,500 ரூபாய். போன ஆடியில் மலேசியாவிலிருந்து வந்த ஒருவர் வீட்டுக்கே போய் 500 ரூபாய் கொடுத்துவிட்டு, 2016 பக்கத்தில் தன் பெயரைத் தானே அடித்துவிட்டுப் போனார். இப்போது 41.